அமெரிக்க வரலாறும் அரூர் பேருந்தும்

‘ரோசா பார்க்ஸ் – சிறுகுறிப்பு வரைக.’ ஐந்து மதிப்பெண். வரலாற்றுத் துறைத் தோழி திருத்திக்கொண்டிருந்த உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்களை ஒருநாள் சும்மா புரட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் ஒரே விடை. தையல் வேலை செய்துவந்த ரோசா பார்க்ஸ் அன்று மாலை மிகவும் களைப்பாக இருந்தார், ஆகவே வெள்ளையருக்கு இடம்கொடுத்து எழ மறுத்தார், அதனால் மார்ட்டின் லூதர் கிங் போராட்டத்தைத் தொடங்கினார். ஒரே நோட்ஸிலிருந்து நாற்பது பேரும் எழுதியது. ஒரு தாளில் மட்டும் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு வரி: நாங்களும் தினமும் களைப்பாகத்தான் இருக்கிறோம். தோழி அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு ஐந்துக்கு நான்கு போட்டிருந்தார். கேட்டால், “விடைக்குச் சம்பந்தமில்லையே” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதன்பிறகு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

தமிழ் படித்து, தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, சங்கப் பாடல் நடத்திக்கொண்டிருந்தவள் அமெரிக்க வரலாற்றுக்குள் போனது இப்படித்தான். இளங்கலை வரலாற்றில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு ஒரு தாள். ஆங்கில இலக்கியத்தில் அமெரிக்க இலக்கியம் ஒரு தாள். முன்னதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழி, பின்னதைப் படிப்பவர்கள் ஆங்கிலவழி. ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகள். ஓர் அறையில் லிங்கன் அடிமை முறையை ஒழிக்கிறார். பக்கத்து அறையில் டோனி மாரிசனின் தாய் தன் குழந்தையை அடிமை வாழ்வுக்குக் கொடுக்க மறுத்து அதன் கழுத்தை அறுக்கிறாள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர். வரலாறு, ஆங்கிலம், தமிழ் மூன்று துறையிலிருந்தும் ஆளுக்கொருவராக நாங்கள் மூவர் சேர்ந்து, ஒரு பருவம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டு மணி நேரத்தை ஒன்றாக நடத்த அனுமதி வாங்கினோம். என் வேலை மொழிபெயர்த்துச் சொல்வது, எழுத வைப்பது. கடைசி மணி நேரம் என்பதில்தான் வம்பு. அரூர் பக்கம் போகும் பேருந்துக்காகப் பாதிப் பெண்கள் மூன்றேகாலுக்கே புத்தகத்தை மூடிவிடுவார்கள். அடுத்த பேருந்தைப் பிடித்தால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். இருட்டினால் அடுத்த வாரம் கல்லூரி கிடையாது. துறைகளுக்கு இடையிலான கல்வி என்று அறிக்கைகளில் அழகாக எழுதுகிறோம். எங்கள் ஊரில் அது பேருந்து அட்டவணையோடு செய்துகொள்ள வேண்டிய சமரசம்.

முதலில் பாடத்தைப் பற்றிச் சொல்கிறேன். மாணவிகள் கையில் இருக்கும் நோட்ஸில் அமெரிக்க வரலாறு என்பது குடியரசுத் தலைவர்களின் வரிசை. ஒருவர் போர் தொடுப்பார், இன்னொருவர் கொள்கை வகுப்பார். பெண்கள் ஒரே ஒரு பத்தியில் வருகிறார்கள்: 1920-இல் பத்தொன்பதாவது திருத்தத்தின் மூலம் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். முற்றுப்புள்ளி. இந்த முற்றுப்புள்ளியைத்தான் முதல் வாரம் பிரித்துப் பார்த்தோம். எந்தப் பெண்கள்? மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் குத்தகைக் கூலியாக இருந்த ஃபேனி லூ ஹேமர் வாக்காளராகப் பதிவு செய்யப் போனது 1962 ஆகஸ்ட் 31. போனதற்காக, பல ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு வினோனா ஊர்ச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார். கட்டி எடுக்கவென்று மருத்துவமனைக்குப் போனவருக்கு 1961-இல் அவர் சம்மதம் கேட்காமலேயே கருப்பையை எடுத்திருந்தார்கள். தெற்கில் கறுப்பினப் பெண்களின் வாக்கு நடைமுறைக்கு வந்தது 1965-இன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான்.

“நமக்கு எப்ப வந்துச்சு மேடம்?” என்று ஒரு பெண் கேட்டாள். சென்னை மாகாணம் 1921-லேயே பெண்களுக்கு வாக்கு கொடுத்தது, இந்தியாவில் அதுதான் முதல் மாகாணம். ஆனால் சொத்துள்ள பெண்களுக்கு மட்டும். எல்லோருக்குமாக வந்தது சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், 1951-52-இல். அதைச் சொன்னதும் அவள் கணக்குப் போட ஆரம்பித்தாள். “அப்ப எங்க பாட்டி அந்த அமெரிக்கப் பாட்டிக்கு முன்னாடியே ஓட்டுப் போட்டுச்சா?” போட்டிருக்கும் என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அமெரிக்கா என்றால் நம்மைவிட எல்லாவற்றிலும் முன்னே ஓடும் நாடு என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஒரு சிறிய அதிர்ச்சி. கூடவே ஒரு சிறிய கர்வமும். அந்தக் கர்வத்தை உடனே உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வாரம் பேருந்துக்குள் போனோம்.

ரோசா பார்க்ஸ் களைத்துப்போன தையல்காரி மட்டும் அல்லர். 1943 முதல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மாண்ட்கோமரி கிளையில் செயலாளராக இருந்தவர். 1955 டிசம்பர் 1 அன்று அவருக்கு வயது 42. அந்தக் கோடையில்தான் டென்னசியின் ஹைலேண்டர் பயிற்சிப் பள்ளிக்குப் போய்வந்திருந்தார். உடம்பு களைத்திருக்கவில்லை, பணிந்து பணிந்துதான் களைத்துப்போயிருந்தேன் என்று பின்னாளில் அவரே விளக்கினார். இருந்தும் பாடப்புத்தகங்கள் அந்தக் கால்வலியை விடுவதாக இல்லை. திட்டமிட்டுப் போராடும் பெண்ணைவிடத் தற்செயலாகப் போராடிவிட்ட பெண்ணை ஏற்றுக்கொள்வது எல்லோருக்கும் சுலபம். நம் ஊர்ப் பாடங்களிலும் இப்படித்தான்: ஆண் முழங்குவான், பெண் பொங்கி எழுவாள். பால்தான் பொங்கும்.

பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, 1955 மார்ச் 2 அன்று, அதே ஊரில் கிளாடெட் கால்வின் என்ற பள்ளி மாணவி எழ மறுத்துக் கைதானாள். வயது 15. அதற்கு முந்தைய வாரங்களில் அவள் வகுப்பில் கறுப்பின வரலாறு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு தோளை ஹாரியட் டப்மனும் இன்னொரு தோளை சோஜர்னர் ட்ரூத்தும் அழுத்திப் பிடித்து உட்கார வைத்ததுபோல் இருந்தது என்று பிற்காலத்தில் சொன்னாள். வரலாற்று வகுப்பால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆனால் தலைவர்கள் அவளை முன்னிறுத்தத் தயங்கினார்கள். சிறுபெண், ஏழை, கறுத்த நிறம், பிறகு கர்ப்பமும் ஆனாள். ‘மரியாதையான’ ஒரு முகம் தேவைப்பட்டது. எனினும் பேருந்தில் நிறப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பைப் பெற்றுத்தந்த பிரௌடர் வழக்கில் வாதிகளாக நின்றவர்கள் நான்கு பெண்கள். கால்வின் அவர்களில் ஒருத்தி. அந்த நான்கு பெயரில் ஒன்றுகூட எங்கள் நோட்ஸில் இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது வகுப்பு வேறொரு பேருந்தில் ஏறிப் போய்விட்டது. அவரவர் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இந்தப் பெண்களில் பலர் கல்லூரிக்கு வர முடிவதே அதனால்தான். கூடவே வந்தது ‘ஓசி’ என்ற சொல். ஸ்டாப்பிங்கில் பெண்கள் மட்டும் நின்றால் நிறுத்தாமல் போகும் பேருந்து; நிறுத்தினாலும் “ஓசிதானே, உள்ளே போ” என்னும் குரல்; காலியாக இருக்கும் இருக்கையில் உட்கார்ந்தால் டிக்கெட் வாங்கியவர் பார்க்கும் பார்வை. ஒருத்தி சொன்னாள்: “மேடம், அவங்க காசு கொடுத்தும் எழுப்புனாங்க. நாங்க காசு கொடுக்காததுனால நாங்களே எழுந்துக்கறோம்.” அந்த ‘நாங்களே’ என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். மாண்ட்கோமரியில் பேருந்து நிறுவனம் பணிந்ததற்கு ஒரு காரணம், 381 நாட்கள் கட்டணம் செலுத்தும் பயணிகள் ஏறாமல் இருந்தது. கட்டணம் இல்லாதவள் எதைப் புறக்கணிப்பாள்? இது அமெரிக்க வரலாற்றில் விடை இல்லாத கேள்வி. எங்கள் வகுப்புக்கே உரிய கேள்வி. விவாதம் நீண்டு, அன்று மூன்றேகால் பேருந்தை எட்டுப் பேர் விட்டுவிட்டார்கள். எட்டு வீட்டுக்கும் நான் போன் செய்து சமாதானம் சொன்னேன்.

பெட்டி ஃப்ரீடனின் 1963-ஆம் ஆண்டுப் புத்தகம் சீக்கிரம் முடிந்துவிட்டது. படித்த, வசதியான இல்லத்தரசியின் பெயரற்ற சலிப்பைப் பற்றி ஆங்கிலத் தோழி விளக்கியபோது பின் வரிசையில் சிரிப்பு. இவர்களுடைய அம்மாக்கள் பெங்களூரில் கட்டட வேலையிலும் திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் இருக்கிறார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து சலித்துக்கொள்ள ஒருநாள் கிடைத்தால் பண்டிகை. பெல் ஹூக்ஸ் 1984-இல் ஃப்ரீடன்மீது வைத்த விமர்சனத்தை அந்தச் சிரிப்பு ஏற்கெனவே வைத்துவிட்டது. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எம்.எஸ்ஸி. முடித்த அவளுடைய அக்கா ஓசூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மூன்று வருடமாகக் கதவுக்கு உள்ளேயே இருக்கிறாளாம். “எல்லாருக்கும் சிரிப்பா இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

‘கறுப்பு’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சிக்கல் தொடங்கியது. பழைய தமிழ்ப் புத்தகங்களில் ‘நீக்ரோ’ என்றிருக்கும். இன்று கறுப்பினத்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர் என்கிறோம். மாணவிகள் வாயில் அது வெறுமனே ‘கறுப்பு’ ஆனது. ஆனதும் அது அமெரிக்காவை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தது. பிறந்தபோதே ‘பெண்ணு, அதுவும் கறுப்பு’ என்றார்களாம். பெண்பார்க்க வந்தவர்கள் கூடுதலாக நான்கு பவுன் கேட்டார்களாம். கிரீம் வாங்கிப் பூசி முகம் வெந்துபோனவள் ஒருத்தி. அன்று அவர்கள் எழுதிய பக்கங்கள் அத்தனை உயிர்ப்பாக இருந்தன. கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் நான் மயங்கிப்போனேன். நாங்களும் கறுப்பினப் பெண்கள்தான் என்று ஏழெட்டுப் பேர் முடித்திருந்தார்கள். எல்லாவற்றிலும் ‘மிக நன்று’ என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த ஏழெட்டுப் பேரில் பாதிப்பேர் ஊரில் நிலமுள்ள, எண்ணிக்கையிலும் பெரிய சாதியைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய வலி பொய் இல்லை. ஆனால் நிறத்தை ஒரு பாலம்போல் பிடித்துக்கொண்டு அவர்கள் நேராக அலபாமாவுக்குப் போய்விட்டார்கள். நடுவில் தங்கள் ஊரின் தெருக்கோடி வரவில்லை. வகுப்பில் இருந்த தலித் மாணவிகள் அன்று நிறத்தைப் பற்றி எதுவுமே எழுதவில்லை. ஒருத்தி எழுதியது பேருந்தைப் பற்றித்தான். அவள் ஏறும் ஸ்டாப்பிங்கின் பெயரே அவள் யாரென்று சொல்லிவிடும். அதனால் மாலையில் ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி, பேருந்து கண்ணுக்கு மறைந்த பிறகு நடக்கிறாள். மூன்று வருடமாக. கூட வருபவர்கள் அவள் வீடு அங்கேதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றரைப் பக்கம். அதில் ‘கறுப்பு’, ‘வெள்ளை’ எதுவும் இல்லை. நான் அதற்கும் ‘மிக நன்று’ போட்டிருந்தேன். இரண்டுக்கும் ஒரே மதிப்பீடு.

ஒப்பீடு நமக்குப் பழைய பழக்கம். ஜோதிராவ் பூலே 1873-இல் ‘குலாம்கிரி’யை அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரைக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒப்பீடு என்பது இங்கே இருப்பதைக் கூர்ந்து பார்க்கும் கண்ணாடி. எங்கள் வகுப்பில் அது தூரத்தை மட்டும் பார்க்கும் தொலைநோக்கி ஆகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவுக்காக அழுவதில் ஒரு வசதி இருக்கிறது: அங்கே நமக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை.

இந்த வசதியை உடைக்க வேண்டும் என்று நினைத்து ஐடா பி. வெல்ஸை எடுத்தேன். பாடத்தின் காலத்துக்கு முந்தியவர்தான்; ஆனாலும் அவர் இல்லாமல் பின்னால் வருவது எதுவும் விளங்காது. பள்ளி ஆசிரியையாக இருந்தபோது ரயிலில் பெண்கள் பெட்டியிலிருந்து இழுத்து வெளியேற்றப்பட்டு, ரயில் நிறுவனத்தின்மீதே வழக்குப் போட்டவர். பின்னர் பத்திரிகையாளர். 1892-இல் மெம்ஃபிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய அவருடைய நண்பர்கள் மூன்று பேரைக் கும்பல் கொன்றபோது, இந்தக் கொலைகளுக்குச் சொல்லப்படும் காரணத்தையே சோதிக்கத் தொடங்கினார். எங்கள் பெண்களைக் காக்கிறோம் என்பதுதான் அந்தக் காரணம். கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைக் குறிவைக்கிறார்கள் என்ற கூற்றைச் சம்பவம் சம்பவமாக ஆராய்ந்து, பலவற்றில் அப்படி ஒரு குற்றச்சாட்டே இல்லை, சிலவற்றில் அந்தப் பெண் விரும்பித்தான் உறவு கொண்டிருந்தாள் என்று எழுதினார். அவருடைய பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். அவர் ஊர் திரும்ப முடியவில்லை. ஒரு பெண்ணுக்கு விருப்பம் இருந்திருக்கலாம் என்ற ஒரு வாக்கியத்துக்கு அந்த விலை.

வகுப்பு அமைதியாகக் கேட்டது. பிறகு லவ்விங் வழக்குக்கு வந்தோம். மில்ட்ரெட் என்ற கறுப்பினப் பெண்ணும் ரிச்சர்ட் லவ்விங் என்ற வெள்ளைக்காரரும் 1958 ஜூனில் வாஷிங்டனில் மணம் செய்துகொண்டு வர்ஜீனியா திரும்பினார்கள். அடுத்த மாதம் நள்ளிரவில் படுக்கையறைக்குள் புகுந்து போலீஸ் அவர்களைப் பிடித்தது. 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதி வழக்கை மறுபடி உயிர்ப்பித்தவர் மில்ட்ரெட். 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் கலப்பு மணத் தடைச் சட்டங்கள் செல்லாது என்றது. அதே 1967-இல்தான் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புக் கொடுத்தது என்று நான் சொன்னேன். நம்மிடம் சாதி மாறி மணப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. “அப்ப யார் தடுக்கறாங்க?” என்று கேட்டேன்.

ஒருவரும் பேசவில்லை. இது தருமபுரி. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றிலும் 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் எரிந்ததை இவர்கள் பிள்ளைப் பருவத்தில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். சாதி கடந்த ஒரு திருமணம், பெண்ணின் தந்தையுடைய சாவு, அன்று மாலையே தீ. ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடைகளில் பேசிய பேச்சு இவர்களுடைய வீட்டுத் திண்ணைகளிலும் பேசப்பட்டது. வெல்ஸ் எதை எதிர்த்து எழுதினாரோ அதே வாக்கியம்தான், உடை மட்டும் மாறியிருக்கிறது. 2013 ஜூலை 4 அன்று தருமபுரி அரசுக் கலைக்கல்லூரிக்குப் பின்னால் ரயில் பாதையோரம் இளவரசன் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது விசாரணை. குடும்பம் அதை ஏற்கவில்லை. ஜூலை 4. அமெரிக்க வரலாற்றுத் தாளில் அந்தத் தேதி முதல் ஒரு மதிப்பெண் கேள்வி.

அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளும் மாணவியாக இருந்தவள்தான். அவளுடைய விருப்பம் என்னவென்று ஆளாளுக்கு அவள் சார்பில் பேசினார்கள். அவள் பேசியபோது எந்தப் பேச்சு அவளுடையது என்று கேட்டார்கள். வகுப்பில் நான் கேட்க நினைத்தது இதைத்தான். ஆனால் முதல் வரிசையில் இருந்த ஒரு மாணவி, நிறத்தைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதியவள், “அது வேற மேடம், இது வேற” என்றாள். எப்படி வேறு என்று கேட்டேன். “அங்க சட்டம் தப்பு. இங்க பசங்க தப்பு.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. இரண்டும் இரண்டும் நான்கு என்பதுபோல் சொன்னாள். எட்டு வாரமாக எங்களோடு அலபாமா முழுக்கச் சுற்றியவள். பின்வரிசையில் ஒரு ஸ்டாப்பிங் முன்னால் இறங்கும் பெண் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

மறுவாரம் எங்களுக்கு வாய்மொழியாக ஓர் அறிவுரை வந்தது: உள்ளூர் விஷயங்கள் வேண்டாம், அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் சொன்னார்கள் என்பது முக்கியமில்லை. ‘அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்வது’ என்பது பாடத்திட்டம் எப்போதும் செய்துகொண்டிருப்பதுதான் என்பதே என் விமர்சனம். தூரத்து அநீதியைக் கற்றுக்கொடுக்க நமக்கு அனுமதி உண்டு. அதைக் கற்றவர்கள் மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள், மனமும் உருகுகிறார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் மற்றவர்கள்மேல் சொல்லிவிட்டு என் தவறைச் சொல்லாமல் விட முடியாது.

ரோசா பார்க்ஸ் பற்றிய பாடத்தில் விடுபடும் இன்னொரு பெண் ரெசி டெய்லர். 1944 செப்டம்பர் 3 இரவு, அலபாமாவின் அபெவில்லில், தேவாலயத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவரை வெள்ளை இளைஞர்கள் கும்பலாகக் கடத்திப் பாலியல் வன்முறை செய்தார்கள். விசாரிக்கச் சங்கம் அனுப்பியது ரோசா பார்க்ஸை. பேருந்துக்குப் பதினொரு ஆண்டு முன்பு. நீதிமன்றக் குழுக்கள் இரண்டு முறை கூடியும் ஒருவர்மீதும் குற்றம் சாட்ட மறுத்தன. அலபாமா சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது 2011-இல். ரெசி டெய்லர் உயிரோடு இருந்தார். 2017 டிசம்பரில் 97 வயதில் மறைந்தார். தண்டனை யாருக்கும் இல்லை.

2011 என்றதும் என் வாய் தானாகவே அடுத்த வாக்கியத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் வாச்சாத்தி வழக்கில் தீர்ப்பளித்தது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 269 பேர்மீது வழக்கு. 54 பேர் இடையில் இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. 18 பழங்குடிப் பெண்கள்மீது பாலியல் வன்முறை. அவர்களில் பள்ளிச் சிறுமியும் உண்டு. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, 18 பேருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அலபாமாவில் 67 ஆண்டில் கிடைக்காதது இங்கே 19 ஆண்டில் எப்படிக் கிடைத்தது, அந்தப் பெண்கள் எப்படிக் கடைசிவரை பின்வாங்காமல் நின்றார்கள், மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சிக்காரர்களும் வழக்கறிஞர்களும் என்ன செய்தார்கள் என்று விரித்துக்கொண்டு போனேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். பேசும்போது சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தியைப் பார்த்துத் தலையசைத்தேன். நம் ஊர்ப் பெண்கள், பெருமைப்படு என்ற அர்த்தத்தில். நாற்பது தலைகள் என் கண்ணைப் பின்தொடர்ந்து திரும்பின.

இரண்டு வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. மூன்றாவது வாரம் துறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை. “மேடம், நான் அந்த ஊரே கிடையாது. எங்க ஊரு மலைமேல. ஆனா பஸ்ல, பேங்குல, ஹாஸ்டல்ல, எங்க போனாலும் அரூர்ப் பக்கம் மலைன்னாலே அதத்தான் கேப்பாங்க. நீங்களும் பார்த்தீங்க.” கொஞ்சம் நிறுத்தி, “எங்களுக்கு அது ஒண்ணுதான் வரலாறா மேடம்?” என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். அது எளிது. கடினமானது, அவள் சொன்னதன் கூர்மையை என் சொந்த வேலையில் வைத்துப் பார்ப்பது. பெண்ணிய விமர்சனம் என்ற பெயரில் நாங்கள் செய்த வாசிப்பில் நினைவில் நின்ற பெண்கள் பெரும்பாலும் அடிபட்டவர்கள்: ஹேமரின் சிறை, ரெசி டெய்லரின் இரவு, வாச்சாத்தியின் ஏரிக்கரை. குடியரசுத் தலைவர்களின் வரிசையை எடுத்துவிட்டுக் காயங்களின் வரிசையை வைத்திருந்தேன். அந்த வரிசையில் அவளுக்குப் பொருத்தமான இடத்தையும் நானே கண்ணால் காட்டிவிட்டேன். உயர்சாதிப் பெண் ஒருத்தியின் துயரத்தைச் சொல்லும்போது வகுப்பில் எவளையும் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

பருவ இறுதி ஒப்படைப்பில் அவள் எழுதியது ஜோ ஆன் ராபின்சனைப் பற்றி. நான் ஐந்து நிமிடத்தில் கடந்துபோன பெயர். அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆங்கில விரிவுரையாளர். 1949-இல், கிட்டத்தட்டக் காலியாக இருந்த பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்ததற்காக ஓட்டுநர் கத்த, அழுதுகொண்டே இறங்கிப் போனவர். பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவரானார். பார்க்ஸ் கைதான இரவு, சக பேராசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் துணைக்கு வர, கல்லூரியின் சைக்ளோஸ்டைல் மிஷினில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை ஓட்டினார். கிங்கின் பெயர் உலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள் என்று சொல்லியாகிவிட்டது. காலை எட்டு மணி வகுப்பை நடத்திவிட்டு, அதன்பிறகு அதே மாணவர்களோடு காரில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். 1960-இல் அந்தக் கல்லூரியை விட்டு விலக வேண்டியிருந்தது.

அவளுடைய ஒப்படைப்பில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஒரு தாளில் மூன்று அறிக்கை வந்தால் எத்தனை தாள், தாளை மூன்றாக வெட்ட எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த வழியாக எந்தப் பள்ளி என்று கணக்கு. ஓரத்தில் பேனாவால் ஒரு படம்கூட வரைந்திருந்தாள், கைப்பிடி உள்ள மிஷின். பிறகு கேட்டாள், அப்படி ஒரு மிஷின் நம் கல்லூரியில் இருக்கிறதா என்று.

அலுவலக உதவியாளரிடம் சாவி வாங்கிப் போனோம். பழைய விடைத்தாள் கட்டுகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் இருந்தது. தூசியைத் துடைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். உருளை இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. “இதுல ராத்திரி முழுக்க ஓட்டுனா கை என்னத்துக்கு ஆகும்” என்றாள் தனக்குத்தானே. பிறகு என் பக்கம் திரும்பி, “அந்த ரெண்டு ஸ்டூடண்டும் வீட்ல என்ன சொல்லிட்டு வந்திருப்பாங்க மேடம், ராத்திரிக்கு?” என்று கேட்டாள்.

மணி மூன்று பத்து. பதிலுக்கு நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.